இலவசத்துக்கு மூன்று விலைமனு

ஓர் உள்ளூராட்சிச் சபையில், பொருட்கள் வாங்கும் வழங்கல் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். எந்தச் சபை என்று கேட்க வேண்டாம். ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அந்த முப்பத்திரண்டு வருடத்தில் மூன்று இடத்தில் எழுத்தில் விலை கேட்காமல், அதாவது மூன்று விலைமனு எடுக்காமல், ஒரு குண்டூசிப் பெட்டியைக்கூட நான் வாங்கியதில்லை. ஒரு தெருவிளக்குக்குக் குமிழ் மாற்ற எட்டு மாதமா என்று சனம் ஏசும். ஏசட்டும். அந்தக் குமிழுக்குரிய கோப்பை எந்தக் கணக்காய்வாளர் வந்து புரட்டினாலும் ஒரு பிழை பிடிக்க முடியாது. குமிழ் எரிகிறதா என்று மட்டும் கேட்கக் கூடாது, அது வேறு பிரிவு.

ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு ஒரு சுவர்க்கடிகாரம் தந்தார்கள். அதற்கும் மூன்று விலைமனு எடுத்திருந்தார்கள்; கோப்பைச் சரிபார்த்துக் கையெழுத்து வைத்ததே நான்தான். மறுநாளிலிருந்து வழங்கல் பிரிவு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் இயங்கத் தொடங்கியது.

முதல் வேலை கேத்தல். பழைய மின்கேத்தல் புகைந்து செத்துப்போனது. கண்டி டவுனில் ஒரு விலை, அக்குறணையில் ஒரு விலை, பிலிமத்தலாவையில் ஒரு விலை எடுத்தேன். பிலிமத்தலாவைக்காரர் உத்தரவாதக் காலத்தை எழுத்தில் தர மறுத்தார், அதனால் மறுபடி போனேன். ஆறு வாரம் என் மனைவி சட்டியில் வெந்நீர் வைத்தாள். கேத்தல் வந்த நாளில் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் கணித ஆசிரியை. வத்தேகமப் பக்கம் ஒரு பாடசாலையில் பதினைந்து வருடம் படிப்பித்தவள். காலையில் போய் இரண்டரைக்கெல்லாம் திரும்பி வந்துவிடுவாள். போன வருட ஆரம்பத்தில் அவளைப் பதுளைக்கு அந்தப் பக்கம் ஒரு பாடசாலைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெற இரண்டே வருடம் இருக்கும்போது. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். அவள் அங்கே ஆசிரியர் விடுதியில் தங்கி, வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஞாயிறு பகல் போய்விடுவாள். நடுவில் ஐந்து நாள் நானும் சுவர்க்கடிகாரமும்தான்.

சோறு வைக்கத் தெரியும். கறி என்றால் பருப்பு மட்டும். ஐந்து நாள் பருப்பு தின்றவனுக்குத்தான் தெரியும், ஒரு மனுசி வீட்டில் இருப்பதன் அருமை. இதை அவளிடம் அப்படியே சொன்னேன். அது அன்பான பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன்.

இடமாற்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம் என்று சுற்றறிக்கை வந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முன்னர், எல்லா ஆவணங்களையும் ஒரே சுருக்கிய கோப்பாக மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். நான் உட்கார்ந்து இருபத்து மூன்று ஆவணங்கள் சேர்த்தேன். நியமனக் கடிதம், விவாகப் பதிவு, கிராம சேவகரின் வதிவிடச் சான்று, பிறகு என் சீனி வருத்தத்தின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், என் முழங்கால் எக்ஸ்ரே, கண் வைத்தியர் எனக்கு எழுதிய துண்டு. எல்லாவற்றையும் முழு நிறத்தில், ஸ்கேனரில் உள்ள ஆகப் பெரிய அளவில் எடுத்தேன். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் றப்பர் முத்திரையின் ஊதா நிறம் தெரியாது.

மனைவி விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது என்னோட மேன்முறையீடா, உங்களோட மெடிக்கல் பைலா?"

"எல்லாம் காரணங்கள்தானே."

"கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டாள். காட்டிய இடத்தில் போட்டாள். முப்பது வருடமாக அப்படித்தான் போடுகிறாள்.

இனிப் பாக்கி இருந்தது சுருக்கும் மென்பொருள் ஒன்று. வீட்டுக் கணினிக்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆகவே இலவசமாக ஒன்று எடுக்க வேண்டும். இலவசம் என்றாலும் கண்டதையும் எடுத்துவிட முடியாது. இருபத்து மூன்று ஆவணமும் ஒரு குடும்பத்தின் எதிர்காலமும் அதற்குள் போகப் போகிறது. மூன்று விலைமனு எடுப்பதென்று தீர்மானித்தேன். நான்கு வாரம் இருந்தது. என் அனுபவத்தில் நான்கு வாரம் என்பது அவசரக் கொள்வனவு.

முதலில் அக்குறணைக்குப் போனேன். அங்கே கைத்தொலைபேசியும் கணினியும் திருத்தும் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பரை எனக்குச் சபை நாளிலிருந்தே தெரியும்; நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். கெட்டிக்காரர், ஒரே நேரத்தில் மூன்று பேருடைய போனைப் பிரித்து வைத்துக்கொண்டு நாலாவது ஆளுடன் பேசுவார்.

"இதுக்கு என்னத்துக்கு சேர் இவ்வளவு யோசனை? எல்லாரும் பாவிக்கிறது ஒண்ணு ஈக்குது. பென் டிரைவ்ல போட்டுத் தாரேன். ஊட்டுக்குப் போய் ரெண்டு தரம் தட்டினா சரி."

"இலவசம்தானே, நானா?"

"ஒரு மாசம் இலவசம் ண்டு செல்லும். பொறகு ஒவ்வொரு தடவையும் வாங்குங்க வாங்குங்க ண்டு செல்லும். நீங்க அத மூடிட்டு உங்கட வேலையப் பாருங்க. எத்தன வருஷமானாலும் அதுவும் செல்றத நிப்பாட்டாது, வேலை செய்றதையும் நிப்பாட்டாது."

இந்த ஏற்பாட்டில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் விலைமனுவாக எழுத்தில் தரச் சொன்னேன். நானா என் முகத்தைப் பார்த்தார், பிறகு கடை பில் புத்தகத்தில் மென்பொருளின் பெயரை எழுதி, எதிரே ஒரு பூச்சியம் போட்டு, முத்திரையும் குத்தித் தந்தார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

இரண்டாவது விலைமனு பக்கத்து வீட்டிலிருந்து. அங்கே இருப்பவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர், யாழ்ப்பாணத்தவர். நாற்பது வருடம் கண்டியில் இருந்தும் அவருடைய தமிழ் ஓர் அங்குலம் நகரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு கணினி பழகி, இப்போது தெருவில் யாருடைய இணையம் போனாலும் குரங்கு எந்தக் கம்பத்தில் வயரை இழுத்தது என்று அவர்தான் போய்ப் பார்த்துச் சொல்வார்.

"ஓம், நல்ல ஒண்டு இருக்கு," என்றார். "உண்மையிலயே இலவசம். ஆரும் உள்ளுக்கை என்ன எழுதியிருக்கெண்டு பாக்கலாம். பார்வைக்கு வடிவில்லை. ஆனால் உதைப்போலச் சுருக்கிறதுக்கு வேற இல்லை."

இவரும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். விலை: பூச்சியம். பூச்சியத்துக்குப் பின்னால் இரண்டு தசம தானங்கள் போட்டிருந்தார்.

மூன்றாவதை நானே இணையத்தில் தேடினேன். பெரிய பச்சைப் பொத்தான், அதில் 'முற்றிலும் இலவசம்' என்று இருந்தது. அழுத்தினேன். அது தனியாக வரவில்லை. கூடவே எங்கோ ஒரு குளிர்நாட்டின் வெப்பநிலையைக் காட்டும் பட்டை ஒன்று வந்தது. தேடுபொறி மாறியது. திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி தோன்றி, என் கணினி பெரும் ஆபத்தில் இருப்பதாகச் சொல்லிச் சத்தம் போட்டது. வெளியில் நாய் குரைத்தது. வயரைப் பிடுங்கிவிட்டு நானாவுக்குப் போன் எடுத்தேன். அவர் வந்து அரைநாள் இருந்து எல்லாவற்றையும் கழற்றினார். ஆனாலும் விலைமனு விலைமனுதான். திரையில் இருந்த பூச்சியத்தை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்திருந்தேன்.

அப்படி மூன்றும் சேர்ந்தன. அடுத்தது மதிப்பீட்டுக் குழு. தலைவர் நான். உறுப்பினர்கள் பக்கத்து வீட்டு அளவையாளரும் அக்குறணை நானாவும். விலைமனு தந்தவர்களே குழுவிலும் இருப்பது முறையல்ல என்று எனக்குத் தெரியாதா? ஆனால் எனக்கு வேறு ஆட்கள் கிடையாது. இருவரிடமும் பக்கச்சார்பின்றி நடப்பதாக எழுதி வாங்கிக்கொண்டேன்.

குழு சனிக்கிழமை பிற்பகல்களில் எங்கள் வீட்டு முன்னறையில் கூடியது. அளவையாளருக்கு உளுந்து வடை. நானா சமோசா கொண்டுவருவார், கட்டுகஸ்தோட்டையில் தங்கை வீட்டுக்கு வருகிற வழியில். தேநீர் மனைவி போடுவாள். போட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிவப்புப் பேனையால் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவாள். முன்னறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும்தான்.

முதல் சனிக்கிழமை புள்ளித் திட்டத்தை நிறைவேற்றினோம். நூறு புள்ளி. விலைக்கு நாற்பது, சுருக்கும் திறனுக்கு முப்பது, பாவிக்க இலகுவாக இருப்பதற்கு இருபது, தோற்றத்துக்குப் பத்து. இரண்டாவது சனிக்கிழமை விலைக்குப் புள்ளி போடத் தொடங்கினோம். அங்கேதான் வண்டி நின்றது.

சபையில் விலைக்குப் புள்ளி போடும் முறை ஒன்று உண்டு. வந்த விலைகளில் ஆகக் குறைந்ததை எடுத்து, அவரவர் விலையால் வகுத்து, நாற்பதால் பெருக்க வேண்டும். ஆகக் குறைந்தவருக்கு முழு நாற்பது. மற்றவர்களுக்கு அதற்கேற்பக் குறையும். முப்பத்திரண்டு வருடம் இந்தச் சூத்திரம் என்னைக் கைவிட்டதில்லை.

"ஆகக் குறைந்த விலை பூச்சியம்," என்றேன். "அதை முதலாமவரின் விலையால் வகுத்தால்..."

"வகுக்கேலாது," என்றார் அளவையாளர்.

"ஏன்?"

"பூச்சியத்தைப் பூச்சியத்தால வகுக்கேலாது. அதுக்கு விடை எண்டு ஒண்டு இல்லை."

நானா சமோசாவை வைத்துவிட்டு, "அப்ப மூணுக்கும் நாப்பது போடுங்க சேர், முடிஞ்சு போச்சு" என்றார்.

"போட்டால் நான் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றார் அளவையாளர். "நாற்பது வருசம் ஒரு காணியிலை ஒரு அடி கூட்டிக் குறைச்சுப் போட்டவனில்லை நான்."

ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் என்று வைத்துக் கணக்குப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். இல்லாத விலையை எழுதுவதா, நாளைக்குக் கணக்காய்வுக்கு ஆள் வந்தால் என்ன சொல்வீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். எங்கள் வீட்டுக்கு யாரும் கணக்காய்வுக்கு வர மாட்டார்கள் என்றார் நானா. "வந்தால்?" என்றார் அவர். அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு மதிப்பு வந்தது என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்டவர் சபைக்கு வராமல் போனது சபையின் துரதிர்ஷ்டம்.

அப்போதுதான் திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"நான் ஒண்ணு சொல்லவா?"

"கொஞ்சம் இரும்மா," என்றேன். "குழு நடக்குது."

அவள் இருந்தாள். சிவப்புப் பேனை மறுபடி கொப்பியில் ஓடும் சத்தம் கேட்டது. கணித ஆசிரியை, பூச்சியத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்திருப்பாள் என்று நினைத்தேன். குழுவுக்கு வெளியில் உள்ளவரின் கருத்தைக் கேட்டால் முழு மதிப்பீடும் செல்லாமல் போகும். அதை அவளுக்கு விளக்க நேரமில்லை. கூட்டம் முடிவு எதுவும் இன்றி ஒத்திவைக்கப்பட்டது.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு வழி பிறந்தது. விலைப் பகுதியை முழுதாக நீக்கி, மிச்சம் அறுபது புள்ளியை நூறாக்கினோம். பச்சைப் பொத்தான்காரர் நன்னடத்தை இல்லாததால் தகுதி இழந்தார். மற்ற இரண்டையும் வைத்து இருபத்து மூன்று ஆவணங்களையும் சுருக்கிப் பார்த்தோம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன. சுருக்குவதற்கு முன்பு இருந்த அளவும் கிட்டத்தட்ட அதுதான்.

"படமெல்லாம் ஏற்கனவே சுருங்கினதுதான் சேர். இன்னும் எங்க சுருங்குறது? ஸ்கேனைச் சின்னதா எடுங்க," என்றார் நானா.

அது குழுவின் பணி எல்லைக்குள் வராததால் கூட்டறிக்கையில் சேர்க்கவில்லை. சத்தமில்லாமல் திங்கட்கிழமை எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் சின்னதாக எடுத்தேன். முழங்கால் எக்ஸ்ரே ஏற்கனவே கறுப்பு வெள்ளைதான், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இறுதியில் அளவையாளரின் மென்பொருள் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. நானா தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்றார். "எனக்கு இது வியாபாரமே இல்ல சேர்" என்று சிரித்தார். மூவரும் கையெழுத்திட்டோம்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் குளித்து, திருநீறு பூசி, கணினி முன் உட்கார்ந்தேன். வென்ற மென்பொருளைத் திறந்தேன். ஆவணங்களைத் தெரிவு செய்தேன். அங்கே கடவுச்சொல் இடுவதற்கு ஒரு பெட்டி இருந்தது. அதைப் பார்த்ததும் என் மனம் குளிர்ந்தது.

ஏனென்று சொல்ல வேண்டும். சபையில் பெரிய ஒப்பந்தக் கேள்விமனுக்களுக்கு இரட்டை உறை முறை. ஓர் உறையில் விபரம், மற்ற உறையில் விலை. இரண்டிலும் அரக்கு முத்திரை. முதல் உறையைத் திறந்து பார்த்த பிறகு, இன்னொரு நாளில்தான் இரண்டாவதைத் திறப்பார்கள். இரண்டையும் சேர்த்து ஒரே உறையில் அனுப்பியவனை நாங்கள் மனிதனாகவே மதித்ததில்லை. இங்கே கோப்பு முதல் உறை, கடவுச்சொல் இரண்டாவது. இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புவது, அலுமாரியைப் பூட்டித் திறப்பை அதிலேயே தொங்கவிடுவது மாதிரி.

பத்து மணிக்குக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினேன். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் இட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்து வைத்து, பஸ் ஏறிக் கண்டிக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டேன். பற்றுச்சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாவிக்கரையில் கொஞ்ச நேரம் நடந்தேன். நெடுநாளைக்குப் பிறகு ஒரு வேலையை முழுசாகச் செய்த சந்தோசம் இருந்தது. இனிப் பழையபடி தினமும் இரண்டரைக்கு அவள் வருவாள், கத்தரிக்காய்ப் பால்கறி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தொலைபேசி அடித்தது. மேன்முறையீடுகளைப் பதியும் பணிமனையிலிருந்து ஒரு பெண்.

"சேர், நீங்க அனுப்பின பைல் பாஸ்வேர்ட் கேக்குது. சொன்னீங்கன்னா இப்பவே தொறந்து பதிஞ்சிடுவேன்."

"அது பதிவுத் தபாலில வருது, மகள்."

"தபால் வர திங்கள் செவ்வாய் ஆகுமே சேர். இன்னைக்கு நாலு மணியோட முடியுது. போன்லயே சொல்லுங்க, பரவால்ல."

நான் சிரித்தேன். சின்னப் பெண், நடைமுறை தெரியாது என்று நினைத்தேன்.

"போனில சொல்றதுக்கில்ல மகள். இரகசியம். இரண்டாவது உறை பிறகு திறக்கிறதுதான் முறை. நானும் முப்பத்திரண்டு வருசம் இதே வேலை பார்த்தவன்."

"சரிங்க சேர்" என்று வைத்துவிட்டாள். அவளுக்கு ஒரு பாடம் சொன்ன திருப்தியில் நான் பருப்பு அடுப்பில் வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மூன்றே வாக்கியம். மேன்முறையீட்டைத் திறப்பதற்கான கடவுச்சொல் இறுதித் திகதிக்குப் பின்னர் கிடைத்தமையால் அதனைப் பரிசீலிக்க இயலவில்லை. விசேட காரணங்கள் இருப்பின் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கலாம். நன்றி.

கோபப்படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அப்படிப்பட்ட கடிதங்களை ஆயிரக்கணக்கில் எழுதியவன் நான். நான்கு மணி ஒரு நிமிடத்துக்கு மூச்சு வாங்க ஓடிவந்து நின்ற ஒப்பந்தக்காரர்களிடம் கடிகாரத்தைக் காட்டியவன். அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழையாவது இருக்கிறதா என்று இரண்டு தடவை வாசித்தேன். இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, வெள்ளிக்கிழமை அவளிடம் எப்படிச் சொல்வது என்று பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மழை. நனைந்துகொண்டு வந்தாள். துவாயும் தேநீரும் கொடுத்துவிட்டுக் கடிதத்தை நீட்டினேன். உறை, பதிவுத் தபால், தொலைபேசிப் பெண், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் கடிதத்தை வாசித்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

"நல்ல கடிதம்," என்றாள். "பிழையில்ல."

"இன்னும் பதினாலு நாள் இருக்கு. விசேட காரணம் எழுதலாம். இந்தத் தடவை பூட்டு ஒண்ணும் போட மாட்டேன். நாளைக்கே குழுவைக் கூட்டுறேன்."

அவள் எழுந்து போய்க் கணினியின் முன் நின்றாள். ஆவணங்கள் இருந்த கோப்புறையின் மேல் எலியை வைத்து வலப்பக்கம் ஒரு தடவை அழுத்தினாள், பட்டியலில் ஒரு தடவை அழுத்தினாள். சுருக்கிய கோப்பு வந்து நின்றது. எந்த மென்பொருளும் இறக்கவில்லை, எந்தப் பச்சைப் பொத்தானும் இல்லை. கணினி வாங்கிய நாளிலிருந்தே அது உள்ளே இருந்திருக்கிறது.

"தவணைப் பரீட்சை வினாத்தாள் எல்லாம் நான் எப்படி அனுப்புறேன்னு நெனைச்சீங்க?"

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் சொல்லல? அன்னைக்குச் சொல்ல வந்தது இதைத்தானா?"

"இல்ல."

"அப்ப அந்தப் பூச்சியக் கணக்கா?"

"அதுவும் இல்ல." துவாயை மடித்துக் கதிரையில் போட்டாள். "மேன்முறையீடு வேணாம்னு சொல்ல வந்தேன். குழு நடக்குதுன்னீங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அங்க அவ்வளவு தூரம். தனியா..."

"தனியா இல்ல. விடுதியில மூணு டீச்சர் இருக்கோம். நான் போறதுக்கு முன்ன அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குக்கு ரெண்டு வருஷமா ஆளே இல்லையாம். அந்தி நேரம் நடக்கப் போறோம். நான் நல்லா தூங்குறேங்க." தேநீரை எடுத்துக்கொண்டு, "போன மாசம் அங்க கேத்தல் இல்லன்னு டவுனுக்குப் போனேன். முதல் கடையில ஒண்ணு இருந்துச்சு. சிவப்பு. புடிச்சிருந்துச்சு. வாங்கினேன், வந்துட்டேன். மொத்தம் பத்து நிமிஷம்," என்றாள்.

கேத்தலைச் சொல்லும்போது அவள் முகத்தில் வந்த சிரிப்பை எங்கள் வீட்டில் நான் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை சொல்ல விரும்பவில்லை. இத்தனை வருடம் ஒருவரும் பிழை பிடிக்காதபடி நான் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் அவள் காத்திருந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவும் காத்திருந்திருக்கிறாள். அந்த விண்ணப்பத்தில் என் சீனி இருந்தது, என் முழங்கால் இருந்தது. அவள் கையெழுத்து மட்டும்தான் அவளுடையது.

"அப்ப வர மாட்டியா?" என்று கேட்டேன். குரல் குழந்தை மாதிரி வந்தது, எனக்கே பிடிக்கவில்லை.

"ரெண்டு வருஷத்துல ரிட்டையர் ஆகித்தானே வரணும்," என்றாள். "அதுவரைக்கும் நீங்க அங்க வாங்க. சனி ஞாயிறு ஒரு வாட்டி நான் வாறேன், ஒரு வாட்டி நீங்க. விசேட காரணம் ஒண்ணும் எழுத வேணாம்."

கோப்பைக் கட்டி அலுமாரியில் வைத்தேன். அளவையாளர் விசாரித்தபோது கொள்வனவு இரத்துச் செய்யப்பட்டது என்றேன். அவர் காரணம் கேட்டார். சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "உங்கட மனுசிய நாங்கள் குழுவிலை போட்டிருக்க வேணும்," என்றார். இந்த முடிவுக்கு முதலே வர ஓர் அளவையாளருக்கும் ஒரு வழங்கல்காரனுக்கும் என்ன தடை இருந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஞாயிறு அவளைக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் நின்றது. ஏறி இடம் பிடித்த பிறகு சன்னலால் தலையை நீட்டினாள்.

"அடுத்த வெள்ளி வாங்க. மூணு பஸ்ஸை விசாரிச்சிக்கிட்டு நிக்காம முதல்ல வர்ற பஸ்ல ஏறுங்க."

வெள்ளிக்கிழமை போனேன். இரண்டு பஸ் வரிசையில் நின்றன. ஒன்றில் ஏசி, மற்றது சொகுசு. எது எத்தனை மணிக்குச் சேரும், எதில் சீட்டு மலிவு என்று கேட்கக் கை அரித்தது. அதற்குள் இன்னொன்று வந்து முன்னால் நின்றது. பழைய பஸ், எல்லா இடத்திலும் நிற்கும் பஸ். நடத்துநர் பதுளை பதுளை என்று கத்தினார். ஏறினேன். உட்கார இடமில்லை. கையில் கத்தரிக்காய் ஒரு பை, முழங்கால் வலித்தது, பாதித் தூரம் நின்றுகொண்டே போனேன். அவள் பஸ் தரிப்பிடத்தில் குடையோடு நின்றாள். விடுதியில் சிவப்புக் கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.